குளத்து நீரும் கடல் நீரும்

நீச்சற்குளத்தில் பழகுவதா, கடலில் பழகுவதா என்று வினவுவோர் பெரும்பாலும் இரண்டையும் ஒரே வித்தையின் இரண்டு இடங்களாகவே கருதுகின்றனர். ஆனால் கைகால்களின் அசைவு ஒன்றேயாயினும், அவ்விரண்டும் மனிதனிடம் வேண்டி நிற்கும் ஆற்றல்கள் வெவ்வேறானவை.

1896-இல் ஆதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கியபோது நீச்சற் போட்டிகள் குளிர்ந்த கடலிலேதான் நடந்தன. அவற்றுள் இரண்டில் வென்ற ஹங்கேரி இளைஞர் ஆல்பிரட் ஹாயோஷ், குளிருக்கு அஞ்சி உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார். 1908-இல் லண்டனில்தான், விளையாட்டரங்கின் நடுவே அமைத்த 100 மீட்டர் நீளக் குளத்துக்கு அப்போட்டிகள் வந்து சேர்ந்தன.

இன்றைய ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். நீரின் உஷ்ணம் 25 முதல் 28 பாகைக்குள் காக்கப்படுகிறது. தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிறுகள் அலையை அடக்குகின்றன. அடித்தளத்துக் கருங்கோடு வழிகாட்டுகிறது. 1500 மீட்டர் நீந்துபவர் 29 முறை சுவரை உதைத்துத் திரும்புவதால், ஒவ்வோர் உதையிலும் புதிய வேகமும் கைகளுக்குக் கணநேர ஓய்வும் பெறுகிறார். இயற்கையின் சஞ்சலங்கள் யாவும் இவ்வாறு விலக்கப்பட்டமையால்தான், ஆசிரியர் கரையில் நின்றபடியே மாணவனுடைய சுவாசத்தையும் தோளின் திருப்பத்தையும் நுணுகிப் பார்த்துத் திருத்த முடிகிறது. ஆகையால் குளத்தை இளப்பமாகப் பேசுவோருடன் நான் உடன்படேன்.

கடலிலோ, உப்புநீர் உடலைச் சற்று மேலே தாங்குவது ஓர் அனுகூலமாயினும், கோடும் இல்லை, சுவரும் இல்லை. இரு கைகளின் பலமும் சமமாயிராமையால், நேரே செல்வதாக நம்புபவர் தாமறியாமலே ஒருபுறம் ஒதுங்கிப் போகிறார்; அதனால் அடிக்கடி தலையை நிமிர்த்திக் கரையிலுள்ள ஏதேனும் ஓர் அடையாளத்தை நோக்க வேண்டியிருக்கிறது. தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். அவை தாழ்ந்தால் நீரின் தடை மிகும். காற்றைக் காட்டிலும் நீர் உடலின் உஷ்ணத்தைப் பன்மடங்கு விரைவாகக் கவர்ந்துகொள்வதால், குளிர்ந்த கடலில் தசைகள் சோர்வதற்கு முன்பே அறிவு மயங்குவதும் உண்டு.

1875 ஆகஸ்டில் மாத்யூ வெப், டோவரிலிருந்து புறப்பட்டு, மார்பு நீச்சலாகவே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து 21 மணி 45 நிமிடத்தில் காலே கரையை அடைந்தார். மிகக் குறுகிய இடத்தில் அக்கால்வாயின் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டரே. ஆனால் சில மணிக்கொருமுறை திசைமாறும் ஓதநீர், பிரெஞ்சுக் கரை கண்ணுக்குத் தெரிந்த பின்பும் அவரை நெடுநேரம் அணுகவிடாமல் அலைக்கழித்தது. 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திய மிஹிர் சென்னும் 25 மணி நேரத்துக்கு மேல் நீரில் இருக்க நேர்ந்தது. குளத்தில் ஒரு மைல் நீந்துபவர் கடலிலும் ஒரு மைல் நீந்திவிடுவார் என்பது எத்தனை பிழையான கணக்கு!

எனவே முதற் பயிற்சி குளத்திலேயே நிகழட்டும் என்பேன். சென்னை மெரீனாவில் நீச்சற்குளமும் வங்கக் கடலும் அருகருகே இருப்பதால், குளத்தில் தேறியவருக்குக் கடலும் வசப்பட்டதென்னும் மயக்கம் எளிதில் உண்டாகும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர், எவ்வளவு தேர்ந்தவராயினும், அதனை எதிர்த்துக் கரையை நோக்கிப் போராடினால் விரைவில் களைத்துவிடுவார். பதற்றமின்றிக் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, பெரும்பாலும் குறுகியதாகவே இருக்கும் அவ்வோட்டத்தைக் கடந்த பின்னரே கரைப்பக்கம் திரும்பவேண்டும். அதற்கு வேண்டிய நிதானமான சுவாசத்தைக் குளத்திலே பெறலாம். எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் நீர் இழுக்கும் என்பதையோ, அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் மீனவரிடம் கேட்டுத்தான் அறியவேண்டும்.