உங்களுக்குத் தெரியுமா? கலயத்தில் பூசிய சுண்ணாம்பு

மைன்கிராப்ட் என்னும் கணினி விளையாட்டில், தண்ணீர்ப் புட்டியில் நெதர் வார்ட் என்னும் கற்பனைச் செடியைச் சேர்த்து 20 விநாடி காய்ச்சினால் கிடைக்கும் அடிநீரே பெரும்பாலான மந்திர மருந்துகளுக்கு மூலமாகும். அதில் சர்க்கரை சேர்ந்தால் அது ஓட்டத்திற்கு வேகம் தரும் மருந்தாகிறது.

சேரும் பொருளே பானத்தின் குணத்தை முடிவுசெய்யும் இந்நெறி, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்குப் புதியதன்று. தென்னம்பாளையைச் சீவிக் கலயத்தில் இறக்கும் இனிய சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையைச் சாராயப் பொருளாக மாற்றுவதால், அதாவது நொதிக்கச் செய்வதால், சில மணி நேரத்தில் கள்ளாகி, நாள்பட வைத்தால் புளித்துக் காடியாகிறது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினாலோ, அதன் காரத்தன்மை நொதித்தலைத் தடுக்க, அதே சாறு மயக்கம் தராத பதநீராகவே நிற்கிறது.

காலனி ஆட்சியில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே அமைந்ததால், உழைத்துப் பெற்ற கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் 1941இல் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கோரினர். குடும்பங்களின் நலனைக் கருதுவோர்க்கு இக்கோரிக்கை ஊதிய உயர்வுக்குச் சற்றும் குறைந்ததன்று.