பதிவேடும் பாதுகாப்பும்

கல்விக்கூடம் எதுவாயினும் அதற்கு நற்பெயர் வேண்டும். ஆனால் அந்த நற்பெயரைக் காப்பதற்காக, வளாகத்தில் நடந்த தீமைகளை வெளியில் சொல்லாமல் விட்டால் என்ன நேரும்? இதற்கு அமெரிக்க நாட்டில் நடந்த துயர நிகழ்ச்சி ஒன்று விடை கூறுகிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லகேம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயின்றவள் ஜீன் கிளீரி. வயது 19. 1986 ஏப்ரல் 5-ஆம் நாள் அதிகாலையில், விடுதி அறையில் உறங்கிக்கொண்டிருந்த அவளை அதே பல்கலைக்கழக மாணவன் ஒருவன் கொடூரமாகக் கொலை செய்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் விடுதிக் கதவுகள் அன்று மூடாதபடி தடுத்து வைக்கப்பட்டிருந்தன.

அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் அவ்வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்ததை அவளுடைய பெற்றோர் பின்னரே அறிந்தனர். முன்பே தெரிந்திருந்தால் மகளை அங்கு சேர்த்திருப்பார்களா? அவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. பிற பெற்றோருக்கு இக்கதி நேரக்கூடாது என்று ஓயாமல் பாடுபட்டனர். அதன் பயனாக 1990-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1998-ல் அதற்கு ஜீன் கிளீரியின் பெயரே சூட்டப்பட்டது.

இச்சட்டம் கூறுவது என்ன? அரசின் கல்வி நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. வளாகக் காவல் பிரிவு உள்ள ஒவ்வொரு நிறுவனமும் நாள்தோறும் குற்றப் பதிவேடு எழுத வேண்டும். குற்றத்தின் தன்மை, நடந்த நாள், நேரம், பொதுவான இடம், எடுத்த நடவடிக்கை ஆகியவை அதில் இருக்க வேண்டும். புகார் வந்த இரண்டு வேலை நாட்களுக்குள் எழுதிவிட வேண்டும். கடைசி 60 நாட்களுக்குரிய பக்கங்களை அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இதைத் தவிர, ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளுக்குள், முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை அறிக்கையாக வெளியிட வேண்டும். அக்கணக்குக்கு ஆதாரமான புகார்கள், காவல்துறைக்கு எழுதிய கடிதங்கள், விடுத்த எச்சரிக்கைகளின் நகல்கள் யாவற்றையும், கடைசி அறிக்கை வெளியான பின்னும் மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2021-ல் நடந்த குற்றம் 2022, 2023, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும் இடம்பெறும். ஆகவே அதன் தாள்களை 2027 வரை அழிக்கக்கூடாது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்!

"இவ்வளவு காலம் எதற்கு?" என்று தோழியர் கேட்கலாம். ஒரு சம்பவம் தனியாக நின்றால் தற்செயல் என்று தோன்றும். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் நடந்திருப்பதைப் பழைய ஏடுகள் காட்டினால்தான், எங்கே விளக்கு வேண்டும், எந்தக் கதவுக்குக் காவல் வேண்டும் என்பது விளங்கும். வெளியிட்ட எண்ணிக்கை உண்மையா என்று சோதிப்பதற்கும் இத்தாள்களே சாட்சி.

எல்லாவற்றையும் திறந்து காட்டினால், துன்பப்பட்டவர் நிலை என்ன? சட்டம் அதையும் மறக்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் பெயர் பதிவேட்டிலோ அறிக்கையிலோ வெளிப்படக்கூடாது. குற்றம் ஊரறிய வேண்டும். துன்பப்பட்ட பெண்ணோ ஊர் வாயில் விழக்கூடாது. எவ்வளவு நுட்பமான அக்கறை!

விதிகளை மீறினால் தண்டனையும் உண்டு. 2024-ல் வர்ஜீனியாவிலுள்ள லிபர்ட்டி பல்கலைக்கழகம் 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

இன்று நம் நாட்டிலிருந்து பலர் மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்கின்றனர். பெற்றோர்களே, கட்டண விவரத்தைக் கேட்கும்போதே இந்தப் பாதுகாப்பு அறிக்கையையும் கேட்டுப் படியுங்கள். சேர விரும்பும் மாணவருக்கும் அதைப் பெறும் உரிமை உண்டு.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர் நம் முன்னோர். நடந்ததை மறைக்காமல் எழுதி, எழுதியதை அழிக்காமல் காப்பதும் அத்தகைய ஓர் அணையே. மறைத்துக் காக்கும் பெயர் நில்லாது. உண்மையால் வரும் பெயரே நிலைக்கும். இதை நாம் என்றும் நெஞ்சில் நிறுத்துவோமாக!