பிரம்பு கற்றுத்தராத பாடம்



"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அச்சம் இருந்தால்தான் கல்வி வரும் என்னும் நம்பிக்கையே இதன் வேர். இந்நம்பிக்கை சரியானதுதானா?

அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) 1969-இல் வெளியிட்ட நூலில், கற்பவரை முழு மனிதராகக் கருதும் கல்விமுறையை விளக்கினார். ஆசிரியரிடம் அவர் எதிர்பார்த்த பண்புகள் மூன்று: போலித்தனமற்ற உண்மை, மாணவரை உள்ளவாறே மதித்து ஏற்றல், அவர் நிலையில் நின்று அவரைப் புரிந்துகொள்ளுதல். ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில், பசியும் பாதுகாப்பும் போன்ற அடிப்படைத் தேவைகளை முதலில் வைத்தார். வயிறு காய்ந்த பிள்ளையும் அடிக்கு நடுங்கும் பிள்ளையும் பாடத்தில் மனத்தைச் செலுத்துவது எவ்வாறு?

இக்கருத்து நமக்குப் புதியதன்று. இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் (1332–1406) தமது 'முகத்திமா'வில், மாணவர்மீது கடுமை காட்டுவதன் தீங்கிற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். கடுமையில் வளரும் பிள்ளை ஊக்கம் இழக்கிறது. தண்டனைக்கு அஞ்சிப் பொய்யையும் வஞ்சகத்தையும் பழகுகிறது. நாளடைவில் அதுவே அதன் குணமாகிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம்.

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) என்னும் தோழர், அறியாமையால் தொழுகையில் பேசிவிட்டார். சுற்றியிருந்தோர் அவரை முறைத்தனர், தொடைகளில் தட்டினர். தொழுகை முடிந்தபின் நபி (ஸல்) அவர்கள் அவரை ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு தகாது என்பதை மட்டும் விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என அத்தோழர் கூறியதை முஸ்லிம் நூல் பதிவு செய்கிறது. இங்குத் தவறு திருத்தப்பட்டது, மனிதர் சிறுமைப்படுத்தப்படவில்லை.

எனினும், கனிவு என்பது கற்பிக்காமல் விட்டுவிடுவதன்று. புதிதாகக் கற்போரைப் போதிய வழிகாட்டுதலின்றித் தாமே கண்டறிய விடுவது பயன் குறைந்தது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006-இல் எழுதிய கட்டுரை வாதிடுகிறது. ஆகவே, தெளிவாகச் சொல்லித்தருவதும் தவறை உடனே திருத்துவதும் ஆசிரியரின் கடமை. அவமதிப்பு மட்டுமே விலக்கப்பட வேண்டியது.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சமயக் கல்வியை முதன்மையாகப் போதிக்கும் மதரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2012-இல் திருத்தம் வந்தது. அதனால் அங்குப் பிரம்பு ஆகுமானதாகிவிட்டது எனக் கருதுவது பெரும் பிழை. அல்லாஹ்வின் வேதத்தைக் கற்பிக்கும் இடத்தில் கருணை கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்? அடிக்கு அஞ்சி மக்தபை வெறுத்த பிள்ளை, பின்னாளில் பள்ளிவாசலையும் வெறுத்தால் அதற்குப் பொறுப்பாளி யார்?

பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "இன்று எது புரியவில்லை?" என்று கேளுங்கள். அஞ்சாமல் அதற்கு விடை சொல்லும் பிள்ளையே கற்கத் தொடங்கிய பிள்ளை.

நம் மக்களைக் கனிவோடு பயிற்றுவிக்க வல்ல அல்லாஹ் நமக்கு நல்லுதவி புரிவானாக! ஆமீன்.