தொலைந்த ஈ.பி.டி. அட்டையை மாற்றுதல்

ஈ.பி.டி. அட்டை என்பது ஐக்கிய அமெரிக்காவில் குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு அரசு வழங்கும் உணவு உதவியைக் கடையில் பயன்படுத்துவதற்கான நெகிழி அட்டை ஆகும். பெரும்பாலான மாநிலங்களில் அரசின் பண உதவியும் இதே அட்டையின் வழியாகவே வழங்கப்படுகிறது. தோற்றத்திலும் பயன்பாட்டிலும் இது வங்கிப் பற்று அட்டையை ஒத்தது. அட்டையின் முகப்பில் ஓர் எண்ணும், பின்புறத்தில் காந்தப் பட்டையும் இருக்கும். பொருள் வாங்கும்போது பின் எண் எனப்படும் நான்கு இலக்க மறை எண்ணை உள்ளிட வேண்டும். இவ்வட்டை தொலைந்தாலோ திருடுபோனாலோ மாற்று அட்டை பெறும் முறையையும், பின் எண்ணை மாற்றியமைக்கும் முறையையும், இடைப்பட்ட காலத்தில் ஏற்படும் இழப்பு யாரைச் சேரும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உணவு உதவித் திட்டத்தின் இன்றைய பெயர் ஸ்னாப் என்பதாகும். 2024 நிதியாண்டில் மாதந்தோறும் சராசரியாக 4 கோடிக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின் கீழ் உதவி பெற்றனர். திட்டத்தின் விதிகளை நடுவண் அரசின் வேளாண்மைத் துறை வகுக்கிறது. நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகள். அதனால் அட்டையின் பெயரும் நிறமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாசில் இது லோன் ஸ்டார் அட்டை, இலினொயில் லிங்க் அட்டை, மிச்சிகனில் பிரிட்ஜ் அட்டை எனப்படுகிறது.

வரலாறு

1964 ஆம் ஆண்டின் உணவுச் சீட்டுச் சட்டத்தின் கீழ் உதவி நெடுங்காலம் தாள் சீட்டுகளாகவே வழங்கப்பட்டது. சிறு புத்தகம்போல் தைக்கப்பட்ட அச்சீட்டுகளைக் கடைக்காரர் முன்னிலையில் கிழித்துக் கொடுக்க வேண்டும். சீட்டு என்பது ஏறத்தாழ ரொக்கப் பணம் போன்றது. கையில் பெற்றுக்கொண்ட பிறகு அது தொலைந்துபோனால் பொதுவாக அரசு ஈடு செய்வதில்லை. அந்த மாதத்தின் எஞ்சிய நாட்களைக் குடும்பம் வேறு வழியில் கடக்க வேண்டியிருந்தது.

சீட்டுக்குப் பதிலாக மின்னணு அட்டையைப் பயன்படுத்தும் முதல் சோதனை 1984 இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ரெடிங் நகரில் தொடங்கியது. 1993 இல் மேரிலாந்து, மாநிலம் முழுவதும் அட்டைமுறைக்கு மாறிய முதல் மாநிலம் ஆனது. எல்லா மாநிலங்களும் 2002 அக்டோபர் 1 ஆம் நாளுக்குள் மாற வேண்டும் என 1996 ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் விதித்தது. சில மாநிலங்கள் காலக்கெடுவைத் தாண்டிய போதிலும், 2004 இல் நாடு முழுவதும் இம்முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. 2008 அக்டோபரில் திட்டத்தின் பெயர் ஸ்னாப் என மாற்றப்பட்டது. 2009 சூன் மாதத்துக்குப் பிறகு பழைய தாள் சீட்டுகள் செல்லாதவை ஆயின.

இம்மாற்றத்தில் தொலைத்தவருக்குக் கிடைத்த நன்மை பெரியது. உதவித் தொகை அட்டைக்குள் இல்லை. மாநில அரசு ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனத்தின் கணினியில், குடும்பத்தின் பெயரில் உள்ள கணக்கில் இருக்கிறது. அட்டை அக்கணக்கைத் திறக்கும் சாவி மட்டுமே. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். ஒகையோ, வயோமிங் ஆகிய மாநிலங்கள் ஒரு காலத்தில் இதற்கு விலக்காக இருந்தன. அங்கே வழங்கப்பட்ட சில்லு அட்டைகளில் தொகை அட்டையின் சில்லிலேயே பதிவாகியிருந்தது. அத்தகைய அட்டை தொலைந்தால், எல்லாக் கடைகளின் கணக்கும் வந்து சேர்ந்த பிறகே எஞ்சிய தொகையை உறுதிசெய்ய முடியும். பின்னர் அவ்விரு மாநிலங்களும் ஏனைய மாநிலங்களின் முறைக்கு மாறிவிட்டன.

இழப்பை அறிவித்தல்

அட்டை காணாமற்போனதும் செய்ய வேண்டிய முதற்பணி மாநிலத்தின் ஈ.பி.டி. வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அறிவிப்பதாகும். இச்சேவை நாள் முழுவதும், விடுமுறை நாட்களிலும் இயங்க வேண்டும் என்பது நடுவண் அரசின் விதி. சேவை எண் அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அட்டை தொலைந்தவரிடம் அந்த எண்ணும் இராது என்பதை ஏனோ எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. முன்னரே அதை வேறிடத்தில் எழுதி வைப்பது நல்லது. மாநில அரசின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலும் அவ்வெண் கிடைக்கும். பல மாநிலங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் இணையத்தளம் அல்லது கைபேசிச் செயலி வழியாகவும் அறிவிக்கலாம்.

அழைப்பை ஏற்பது பெரும்பாலும் தானியங்கிக் குரல். அட்டை எண் நினைவில் இல்லை எனில், அட்டையைத் தொலைத்தவருக்குரிய தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், அஞ்சல் குறியீட்டெண் போன்ற விவரங்களைக் கொண்டு அழைப்பவர் யார் என்பது உறுதிசெய்யப்படும்.

அறிவிப்பு கிடைத்த உடனே கணக்கு முடக்கப்பட வேண்டும். சட்டப்படி இந்தக் கணமே எல்லைக்கோடு. அறிவிப்புக்குப் பிறகு எவரேனும் அந்த அட்டையைக் கொண்டு தொகையை எடுத்தால், பொறுப்பு மாநில அரசையே சாரும்; எடுக்கப்பட்ட தொகையை அரசு குடும்பத்துக்குத் திருப்பித் தர வேண்டும். அறிவிப்புக்கு முன் எடுக்கப்பட்ட தொகைக்கு அத்தகைய பொறுப்பு இல்லை. காலையில் தொலைந்த அட்டையை 'வீட்டில்தான் எங்கோ இருக்கும்' என மாலை வரை தேடிய பின் அறிவிப்பவர், அந்த இடைவெளியில் நடந்த இழப்பைத் தாமே ஏற்க நேரிடலாம். எனவே முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு தேடுவதே முறை. அறிவித்த நாளையும் நேரத்தையும் குறித்து வைத்திருப்பது பின்னர் வழக்கு எழும்போது பயன்படும்.

இதற்கு ஒரு விலை உண்டு. தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட அட்டை நிலையாக நீக்கப்படுகிறது. மறுநாள் அது மேலங்கியின் பையில் கிடைத்தாலும் பயன்படாது. புதிய அட்டைக்காகக் காத்திருக்கவே வேண்டும். இதனாலேயே சிலர் அறிவிக்கத் தயங்குகின்றனர். பல மாநிலங்களின் செயலிகளில் அட்டையைத் தற்காலிகமாகப் பூட்டி மீண்டும் திறக்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது. தேடிப் பார்க்க விரும்புவோர்க்கு இது பொருத்தமான இடைவழி. ஆயினும் பூட்டுதல் வேறு, தொலைந்ததாக அறிவித்தல் வேறு என்பதை மறக்கலாகாது.

மாற்று அட்டை

அறிவிப்புக் கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் மாற்று அட்டையை நேரில் பெறுவதற்கு ஆயத்தமாக வைக்க வேண்டும், அல்லது அஞ்சலில் சேர்க்க வேண்டும் என்பது பொது விதி. இது அனுப்புவதற்கான காலக்கெடு மட்டுமே. கையில் கிடைப்பதற்கானது அன்று. அஞ்சல் பயணத்தையும் சேர்த்தால் பல இடங்களில் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அந்நாட்களில் கணக்கில் தொகை இருந்தும் அக்குடும்பத்தால் பொருள் வாங்க இயலாது. நியூயார்க் நகரம், கலிபோர்னியாவின் மாவட்டங்கள் உள்ளிட்ட சில இடங்களில் அலுவலகத்துக்கு நேரில் சென்று அன்றே அட்டை பெறும் வசதி உண்டு. வீட்டில் உணவு குறைவாக உள்ளோர் அஞ்சலை நம்பாமல், இவ்வசதி தம் பகுதியில் உள்ளதா என முதலில் கேட்டறிதல் வேண்டும்.

நடைமுறையில் மிகுதியான தாமதத்துக்குக் காரணம் முகவரியே. அட்டை பதிவேட்டில் உள்ள முகவரிக்கே அனுப்பப்படும். பல மாநிலங்களில் தொலைபேசிச் சேவை ஊழியரால் முகவரியை மாற்ற இயலாது. அதை உள்ளூர் நலத்துறை அலுவலகமே செய்ய வேண்டும். வீடு மாறியதைத் தெரிவிக்காதவர் அட்டைக்கு விண்ணப்பித்தால், அது பழைய வீட்டுக்குச் செல்லும். எனவே வீடு மாறியவர்கள் அட்டை முடக்கத்தை உடனே செய்துவிட்டு, முகவரி திருத்தப்பட்ட பின்னரே அஞ்சலில் அனுப்பக் கேட்க வேண்டும். வீடற்றோரும் இவ்வுதவியைப் பெறத் தகுதி உடையவர்கள். அவர்கள் அலுவலகத்தில் நேரில் பெறுதல் போன்ற வழிகளைக் கேட்கலாம்.

மாற்று அட்டைக்கு மாநிலம் கட்டணம் பெறலாம். ஆனால் அக்கட்டணம் அட்டையை மாற்றுவதற்கு ஆகும் செலவை மிஞ்சக் கூடாது. அது மாத உதவித் தொகையிலிருந்து கழிக்கப்படுவதும் உண்டு.

அடிக்கடி அட்டையைத் தொலைப்போர் மீது அரசுக்கு ஐயம் எழுகிறது. அட்டையைப் பின் எண்ணோடு குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, தொலைந்ததாகக் கூறிப் புதிய அட்டை கேட்கும் முறைகேடு நடப்பதே இதற்குக் காரணம். பன்னிரண்டு மாதங்களுக்குள் நான்கு முறை அட்டை கேட்ட குடும்பத்துக்கு மாநிலம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாம். அதன் பின்னும் கேட்டால், குடும்பம் தொடர்புகொண்டு விளக்கம் தரும்வரை அட்டையை நிறுத்திவைக்கவும் விதி இடமளிக்கிறது. விளக்கம் தந்ததும் அட்டையை வழங்க வேண்டும். வீடற்றோர், மாற்றுத் திறனாளிகள், குற்றச் செயலால் அட்டையை இழந்தோர் ஆகியோரின் நிலையைக் கருத்தில் கொள்ள வேண்டும் எனவும் கூறப்பட்டுள்ளது. தெருவில் உறங்குபவரின் பை திருடுபோவது முறைகேடு ஆகாது என்பதால் இந்தப் பாதுகாப்பு இன்றியமையாதது.

பின் எண்ணை மாற்றியமைத்தல்

பின் எண்ணை மறந்தவருக்குப் பழைய எண்ணை எவராலும் எடுத்துச் சொல்ல இயலாது. நலத்துறை ஊழியருக்கும் அது தெரியாது. புதிய எண்ணை அமைப்பது ஒன்றே வழி. சேவை எண்ணை அழைத்து, அட்டை எண்ணையும் அடையாள விவரங்களையும் உள்ளிட்டு, புதிய நான்கு இலக்கங்களை இருமுறை அழுத்தினால் மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும். இணையத்தளத்திலும் செயலியிலும் இதைச் செய்யலாம். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதோர், பதிவேட்டில் உள்ள பிறந்த நாள் தவறாக இருப்போர் ஆகியோரைத் தானியங்கி ஏற்காமல் போகலாம். அவர்கள் அலுவலகத்துக்குச் சென்று பதிவைத் திருத்தச் செய்வதே வழி.

கடையில் தவறான எண்ணைத் தொடர்ந்து சில முறை உள்ளிட்டால் அட்டை பூட்டப்படும். பல மாநிலங்களில் நள்ளிரவுக்குப் பின் அது தானாகத் திறந்துகொள்ளும். ஆகவே இருமுறை தவறிய உடனே நிறுத்திவிட்டு எண்ணை மாற்றுவது நல்லது. புதிய அட்டை கிடைத்ததும் பழைய பின் எண்ணே தொடருமா, புதிதாக அமைக்க வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அட்டை திருடுபோனவர் எம்மாநிலத்தவர் ஆயினும் எண்ணை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. 1234, 1111 போன்ற எண்களையும் பிறந்த ஆண்டையும் தவிர்க்க வேண்டும்.

அட்டை கையில் இருக்கும்போதே நிகழும் திருட்டு

மேற்கூறிய விதிகள் யாவும் அட்டை கையை விட்டுப் போவதைக் கருதி எழுதப்பட்டவை. அண்மை ஆண்டுகளில் பெருகிய திருட்டு வேறு வகையானது. கடையில் உள்ள அட்டை தேய்க்கும் கருவியின் மேல், அதே தோற்றமுடைய போலி மூடியைத் திருடர்கள் பொருத்துகின்றனர். அது காந்தப் பட்டையில் உள்ள விவரத்தையும் அழுத்தப்படும் பின் எண்ணையும் பதிவுசெய்கிறது. பின்னர் அவ்விவரத்தை வேறோர் அட்டையில் ஏற்றிப் படி எடுக்கின்றனர். மாத உதவி கணக்கில் சேரும் நாளில் படி அட்டையால் தொகை முழுவதும் எடுக்கப்படுகிறது. உரியவரின் அட்டை பத்திரமாக அவரது பையிலேயே இருக்கும். கடையில் பொருள்களை எடுத்து வைத்துப் பணம் செலுத்தும்போதுதான் இருப்பு இல்லை என அவர் அறிவார். அறிவிப்பு என்னும் எல்லைக்கோடு இங்கே அவருக்கு உதவுவதில்லை. அறியாத இழப்பை ஒருவர் எவ்வாறு முன்கூட்டி அறிவிக்க முடியும்?

வங்கி அட்டையில் இவ்வாறு நேர்ந்தால் 1978 ஆம் ஆண்டின் மின்னணு நிதிப் பரிமாற்றச் சட்டம் வாடிக்கையாளரைக் காக்கிறது. இழப்பை அறிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் தெரிவித்தவரின் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது. ஆனால் மாநிலங்கள் நடத்தும் வறியோர் உதவித் திட்டங்களின் அட்டைகளுக்கு, மேலே கூறிய 1996 ஆம் ஆண்டுச் சட்டமே இப்பாதுகாப்பிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. அட்டைமுறையைக் கட்டாயமாக்கிய அதே சட்டம் அட்டைக்குரிய காப்பை நீக்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

2022 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இக்குறையை ஓரளவு தீர்த்தது. 2022 அக்டோபர் 1 முதல் இவ்வாறு களவாடப்பட்ட உணவு உதவியை நடுவண் நிதியிலிருந்து ஈடுசெய்ய அது வழிவகுத்தது. ஈட்டுத் தொகை இரண்டு மாத உதவியைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் இருமுறைக்கு மேல் பெற முடியாது. முதலில் 2024 செப்டம்பர் வரை இருந்த இவ்வேற்பாடு, பின்னர் நீட்டிக்கப்பட்டு, 2024 டிசம்பர் 20 உடன் முடிவுற்றது. அந்நாளுக்குப் பின் நிகழ்ந்த திருட்டுகளுக்கு இவ்வேற்பாடு பொருந்தாது. சில மாநிலங்கள் தம் சொந்த நிதியிலிருந்து பண உதவிக்கோ உணவு உதவிக்கோ ஈடு வழங்க ஏற்பாடு செய்தன.

இந்நிலையில் பயனாளியிடம் எஞ்சியுள்ள முதன்மையான கருவி பின் எண்ணே. படி எடுக்கப்பட்ட அட்டை பழைய எண்ணைக் கொண்டே செயல்படும். எனவே மாதந்தோறும் தொகை வந்து சேரும் நாளுக்கு முன்னர் எண்ணை மாற்றினால் படி அட்டை பயனற்றதாகிவிடும். கலிபோர்னியாவில் உணவு உதவி மாதத்தின் முதல் பத்து நாட்களில், வழக்கு எண்ணின் கடைசி இலக்கத்துக்கு ஏற்பச் சேர்க்கப்படுகிறது. அவ்வாறே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அட்டவணை உண்டு. பிற மாநிலங்களிலும் இணையத்திலும் நடக்கும் கொள்முதலைத் தடுத்து வைக்கும் வசதியையும் சில செயலிகள் தருகின்றன.

அட்டை பூட்டப்பட்டுவிட்டதாகக் கூறி அட்டை எண்ணையும் பின் எண்ணையும் கேட்கும் குறுஞ்செய்திகள், தொலைபேசி அழைப்புகள் ஆகியவற்றாலும் பலர் ஏமாற்றப்பட்டுள்ளனர். அரசு அலுவலகம் எதுவும் பின் எண்ணைக் கேட்பதில்லை.

நலத்துறையின் முடிவை ஏற்காத குடும்பம், 90 நாட்களுக்குள் முறையான விசாரணை கோரலாம். அறிவிப்புக்குப் பிறகும் தொகை எடுக்கப்பட்டு, மாநிலம் ஈடு தர மறுக்கும் வழக்குகளில் இவ்வுரிமை முக்கியமானது.

படி எடுப்பதற்குக் கடினமான சில்லு அட்டைகளை வங்கிகள் வெகு முன்னரே வழங்கத் தொடங்கின. ஈ.பி.டி. அட்டைகளுக்கு அது தாமதமாகவே வந்தது. கலிபோர்னியா 2025 இல் சில்லு பொருத்திய அட்டைகளை வழங்கத் தொடங்கியது.

தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான விக் எனப்படும் ஊட்ட உணவுத் திட்டம் இதனின் வேறானது. பல மாநிலங்களில் அதற்குத் தனி அட்டை உண்டு. அது தொலைந்தால் ஸ்னாப் சேவை எண்ணுக்கு அறிவிப்பது போதாது. அட்டை வழங்கிய விக் அலுவலகத்தை அணுக வேண்டும்.