வரைபடம் இல்லாத பெட்டி

தவக்காலத்து நான்காம் ஞாயிறன்று, மறையுரையின் நடுவே, நம் ஆலயத்து ஒலிபெருக்கி ஒருமுறை உறுமிவிட்டு ஊமையாயிற்று. எஞ்சியதை உரத்த குரலில் கூறி முடித்தோம். தூண்களுக்குப் பின்னால் அமரும் மூதாட்டியரோ ஒன்றும் கேட்கவில்லை என்றனர். புனித வாரத்திற்கு இரண்டே வாரங்கள் இருந்தன.

பழுதானது மலிவாக வாங்கிய இரு வழி ஆம்ப்ளிபயர். அதன் உட்சுற்று வரைபடத்தை வேண்டி நிறுவனத்தாருக்கு எழுதினோம். வரைபடம் வெளியாருக்குத் தரப்படுவதில்லை, உட்பலகை முழுவதையும் மாற்றிக்கொள்க என்று மறுமொழி வந்தது. பலகையின் விலையோ புதுப்பெட்டியின் விலையை நெருங்கி நின்றது! நம் இளமையில் கண்ட பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில், உட்புறத்திலேயே வரைபடத்தை ஒட்டி அனுப்பியிருந்தனர். பழுதானதை வீசியெறியும் பழக்கத்தை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டின் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் கண்டித்தார். பழுது நீக்கும் உரிமையை ஆராய நம் நாட்டு நுகர்வோர் துறையும் 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. ஆயினும் நம் பெட்டி மேசைமேல் ஊமையாகவே கிடந்தது.

பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர், ஐ.டி.ஐ.யில் பயின்றவர், அதனைத் திறந்து பார்த்தார்.

“வரைபடம் இல்லையே, தம்பி?” என்றோம்.

“இருக்கிறது சாமி. வலப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது? அதுதான் வரைபடம்.”

பெட்டியின் இரு பாதிகளும் அச்சுப்போல் ஒத்தவை. மின்னிணைப்பைக் கழற்றி, பெரிய கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியே வடியவிட்ட பின்னர், அவர் மல்டிமீட்டரால் வலப்பாதியை இடம் இடமாக அளந்தார். நாம் தாளில் எழுதினோம். பிறகு அதே இடங்களை இடப்பாதியில் அளந்தார். மூன்றாம் வரியிலேயே வேறுபாடு தென்பட்டது. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஷார்ட் ஆகிப் பூச்சியம் காட்டின. அத்துடன் அவர் நிறுத்தவில்லை. அவ்விரண்டை மட்டும் மாற்றுகிறவர்களின் பெட்டி அன்றே மீண்டும் புகைவதுண்டாம். தொடர்ந்து அளந்ததில், 0.22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று அறுந்திருந்ததும், முன்னிருந்த சிறு டிரான்சிஸ்டர் ஒன்று கெட்டிருந்ததும் தெரியவந்தன. ஃப்யூஸின்மேல் யாரோ செம்புக்கம்பி சுற்றியிருந்தார்கள். அந்த ‘யாரோ’ நம் உபதேசியாரே என்பது பின்னர் வெளிப்பட்டது!

டிரான்சிஸ்டர்களின்மேல் சி5200, ஏ1943 என்னும் எண்கள் இருந்தன. எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டோஷிபா நிறுவனத்தின் தரவுத்தாளில் 230 வோல்ட், 15 ஆம்பியர் என்று வரம்புகள் விளக்கமாக உள்ளன. ஆனால் இவ்வகையில் போலிகள் மலிந்துள்ளமையால், மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தவற்றை இளைஞர் தொடவே மறுத்துவிட்டார்.

புதியவற்றைப் பற்றவைத்து, சரியான ஃப்யூஸையும் இட்டபின், நேரே மின்சாரம் கொடுக்கவில்லை. 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்தே கொடுத்தார். பல்பு விடாது பளிச்சென எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் உள்ளது. நம் பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. அடுத்து, ஸ்பீக்கரை இணைக்குமுன் வெளியீட்டில் நேர்மின்னழுத்தத்தை அளந்தார். பூச்சியத்தை ஒட்டியே நின்றது. அங்கு பல வோல்ட் இருந்தால் ஸ்பீக்கரின் சுருள் கருகிவிடும்.

“இனி மாட்டிவிடலாமே?” என்று அவசரப்பட்டோம். எதனால் எரிந்தது என்று அறியாமல் மாட்டலாகாது என்றார் அவர். ஸ்பீக்கர் கம்பியைத் தொடர்ந்து சென்று பார்க்கையில், பாடகர் மாடத்தின் பின்னே எலி கடித்து இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தன. பெட்டி மட்டும் சீராகியிருந்தால், மறுநாளே மறுபடி எரிந்திருக்கும்.

வாசிக்கும் இல்லத்தார் இதைக் கண்டு பெட்டிகளைத் திறக்கத் துணிய வேண்டாம். ஸ்விட்ச் மோடு வகைப் பெட்டிகளில் கண்டென்சர்கள் ஏறத்தாழ 325 வோல்ட் வரை தாங்கி நிற்கும். இணைப்பைக் கழற்றிய பின்னும் உயிரை வாங்கக்கூடும். அவை பயின்றவர் கைக்கே உரியவை.

பெரிய வியாழன் மாலை, தூண்களுக்குப் பின்னிருந்த மூதாட்டியர், ஒலி சற்று அதிகம் என்று குறைப்பட்டனர். அளவுகள் எழுதிய தாளை இளைஞர் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறார்.