மெலனீசிய மறைப்பணி

மெலனீசிய மறைப்பணி என்பது தென்மேற்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள மெலனீசியத் தீவுகளில் ஆங்கிலிக்கன் திருச்சபை மேற்கொண்ட கிறித்தவ மறைப்பணி ஆகும். இது நியூசிலாந்தின் முதல் ஆங்கிலிக்கன் ஆயரான ஜார்ஜ் அகசுடசு செல்வின் என்பவரால் 1849 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்றைய சொலமன் தீவுகளும் வனுவாட்டு நாட்டின் வடபகுதித் தீவுகளும் இதன் முதன்மையான களங்களாக இருந்தன.

தீவு தோறும் ஐரோப்பிய மறைப்பணியாளர் ஒருவரைக் குடியேற்றுவதே அக்காலத்தில் பிற மறைப்பணிச் சங்கங்களின் பொதுவான வழக்கமாக இருந்தது. மெலனீசிய மறைப்பணி இதற்கு மாறான முறையைப் பின்பற்றியது. தீவுகளில் இருந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, தொலைவில் உள்ள ஒரு மையப் பள்ளியில் பயிற்றுவித்து, ஆசிரியர்களாகவும் குருக்களாகவும் அவர்களது மக்களிடமே திருப்பி அனுப்புவது இம்முறையாகும். உள்ளூர்த் தலைவர்களை உருவாக்கும் முயற்சிக்கு எடுத்துக்காட்டாக இது போற்றப்படுகிறது. அதே வேளையில், சிறுவர்களைக் குடும்பத்திடம் இருந்து பிரித்துச் சென்றமைக்காகக் கேள்விக்கும் உள்ளாகியுள்ளது.

பின்னணி

செல்வின் 1841 இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரது நியமன ஆவணத்தில் மறைமாவட்டத்தின் வட எல்லையைக் குறிப்பிடுகையில், தென் அகலாங்கு என்பதற்குப் பதிலாக வட அகலாங்கு 34 பாகை எனத் தவறாக எழுதப்பட்டிருந்தது. இப்பிழையால் நிலநடுக்கோட்டையும் தாண்டிய பெரும் கடற்பரப்பு ஏட்டளவில் அவரது பொறுப்பில் வந்தது. செல்வின் இதனைத் தீவுகளுக்குச் செல்வதற்கான கடமையாக எடுத்துக்கொண்டார்.

மெலனீசியாவில் பணிபுரிவதில் இரண்டு பெரும் தடைகள் இருந்தன. முதலாவது, மலேரியா. வெளியில் இருந்து வருவோர் அங்கு நெடுங்காலம் தங்குவது உயிருக்கு ஆபத்தாக இருந்தது. இரண்டாவது, மொழிகளின் எண்ணிக்கை. ஒரே தீவில் பல மொழிகள் பேசப்பட்டன. எனவே ஒரு தீவின் மொழியைக் கற்ற ஐரோப்பியர் அடுத்த தீவில் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. தீவு மக்களையே பயிற்றுவித்தால் இவ்விரு தடைகளையும் கடக்கலாம் எனச் செல்வின் கருதினார். கறுப்பு நிற வலையைத் தாங்கி நிற்கும் வெள்ளை மிதவைகளுக்கு ஐரோப்பியப் பணியாளர்களை அவர் ஒப்பிட்டார். மீன் பிடிக்க வேண்டியது வலையே அன்றி மிதவைகள் அல்ல என்பது இதன் கருத்தாகும்.

மையப் பள்ளிகள்

தொடக்கத்தில் இளைஞர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உள்ள புனித யோவான் கல்லூரிக்கு அழைத்து வரப்பட்டனர். 1859 இல் அருகிலுள்ள கோகிமாராமா என்னும் கடற்கரையில் இதற்கெனத் தனிப் பள்ளி அமைக்கப்பட்டது. வெப்ப மண்டலத்தில் பிறந்த மாணவர்களால் நியூசிலாந்தின் குளிரைத் தாங்க இயலவில்லை. ஆகையால் கோடைகாலத்தில் மட்டும் அவர்களைத் தங்கவைத்து, குளிர்காலம் வருமுன் கப்பலில் ஊருக்குக் கொண்டுசேர்ப்பது வழக்கமாயிற்று. இதனால் கல்வி ஆண்டுதோறும் தடைப்பட்டது. 1863 இல் வயிற்றுளைச்சல் நோய் பரவி மாணவர் சிலர் இறந்தனர்.

இக்காரணங்களால் 1867 இல் பள்ளி நார்போக் தீவுக்கு மாற்றப்பட்டது. இத்தீவு மெலனீசியாவுக்கு நெருக்கமாகவும் மிதமான வெப்பம் உடையதாகவும் இருந்தது. அங்கு அமைந்த புனித பர்னபா பள்ளியில் பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பயின்றனர். பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஊர் திரும்பியபின் தனித்துவிடாமல் இருக்க, பெண்களும் அழைத்து வரப்பட்டுக் கல்வி பெற்றனர். பலர் அங்கேயே மணம் முடித்து இணையராகத் தீவுகளுக்குத் திரும்பினர்.

பேட்டிசனும் பயிற்சி முறையும்

இம்முறைக்கு முழு வடிவம் தந்தவர் ஜான் கோலரிட்ஜ் பேட்டிசன் ஆவார். 1827 இல் இலண்டனில் பிறந்து ஆக்சுபோர்டில் பயின்ற இவர், 1855 இல் செல்வினுடன் நியூசிலாந்து வந்தார். 1861 இல் மெலனீசியாவின் முதல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மொழிகளைக் கற்பதில் இவருக்கு இயற்கையிலேயே திறன் இருந்தது. இவர் 23 மெலனீசிய மொழிகளை அறிந்திருந்ததாகக் கூறப்படுகிறது.

பள்ளியில் சமையல், தோட்ட வேலை, அச்சுக் கோத்தல் போன்ற பணிகளை ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தே செய்தனர். வெள்ளையர் கட்டளையிட, தீவினர் ஏவல் செய்யும் வழக்கத்தைப் பேட்டிசன் ஏற்கவில்லை. தீவு மக்களை ஆங்கிலேயராக மாற்றுவது மறைப்பணியின் நோக்கம் அன்று என்பதும், கிறித்தவ நெறிக்கு நேர்முரணாக இல்லாத வழக்கங்களை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதும் அவரது நிலைப்பாடாக இருந்தன.

பல மொழிகளைப் பேசும் மாணவர்கள் ஒன்றுகூடிய பள்ளியில் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டது. இதற்கு ஆங்கிலம் தெரிவு செய்யப்படவில்லை. பேங்க்சு தீவுகளில் உள்ள மோட்டா என்னும் சிறு தீவின் மொழியே தெரிவு செய்யப்பட்டது. மெலனீசிய மொழிகள் இலக்கண அமைப்பில் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை என்பதால், மாணவர்களால் அதனை விரைவில் கற்க முடிந்தது. பாடங்கள், வழிபாடு, அச்சு நூல்கள் ஆகியவை மோட்டா மொழியில் அமைந்தன. 1931 இல் ஆங்கிலம் அதன் இடத்தைப் பெறும்வரை இது மறைப்பணியின் பொதுமொழியாக விளங்கியது. மோட்டா இன்று ஆயிரத்துக்கும் குறைவானோரின் தாய்மொழியாகும்.

1867 முதல் 1887 வரை பள்ளியை நடத்திய ராபர்ட் என்றி காட்ரிங்டன் தம் மாணவர்களிடம் இருந்தே தீவுகளின் வழக்கங்களையும் மொழிகளையும் கற்றார். 1891 இல் வெளியான இவரது "மெலனீசியர்கள்" என்னும் நூலின் வழியாகவே "மனா" என்னும் சொல் மானிடவியலில் பரவலாக அறியப்பட்டது. கற்பித்தவர் கற்பவராகவும் இருந்ததற்கு இது சான்றாகும்.

உள்ளூர்த் தலைவர்கள்

சியார்ச் சராவியா வனுவா லாவா தீவைச் சேர்ந்தவர். 1857 இல் மறைப்பணிக் கப்பல் அங்கு வந்தபோது பேட்டிசனைச் சந்தித்தார். பின்னர் பள்ளியில் பயின்று 1863 இல் திருமுழுக்குப் பெற்றார். 1868 இல் திருத்தொண்டராகவும் 1873 இல் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். மெலனீசியர்களில் முதலில் குருவானவர் இவரே. 1869 இல் மோட்டா தீவில் இவர் அமைத்த குடியிருப்புக்குத் தாம் பயின்ற பள்ளியின் நினைவாகக் கோகிமாராமா எனப் பெயரிடப்பட்டது. 1901 இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். தமது முதல் சந்திப்பின் அச்சத்தையும் வியப்பையும் மோட்டா மொழியில் இவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் பின்னர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டன.

கிளமென்ட் மராவு பேங்க்சு தீவுகளில் ஒன்றான மேரே லாவாவில் பிறந்தவர். இவர் சொந்த ஊருக்குத் திரும்பாமல், சொலமன் தீவுகளில் உள்ள உலாவா தீவுக்குச் சென்று அங்கு பேசப்பட்ட வேற்று மொழியைக் கற்றுப் பணிபுரிந்தார். இவரது தன்வரலாற்றைக் காட்ரிங்டன் மொழிபெயர்க்க, அது 1894 இல் வெளியானது.

இனி கோபூரியா குவாடல்கனால் தீவைச் சேர்ந்தவர்; நார்போக் தீவில் பயின்றவர். சிறிது காலம் காவல்துறையில் பணியாற்றிய இவர், 1925 இல் மெலனீசிய சகோதரர் அவையை நிறுவினார். உடைமை இன்றி, மணம் புரியாமல், சிறு குழுக்களாகக் கிறித்தவம் எட்டாத ஊர்களுக்குச் செல்வது இவ்வமைப்பினரின் பணியாக இருந்தது. வாக்குறுதியை வாழ்நாள் முழுமைக்கும் எடுக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்து, விரும்பினால் புதுப்பித்துக்கொள்ளலாம். இளைஞர்கள் சில ஆண்டுகள் பணிபுரிந்தபின் ஊர் திரும்பி இல்லறம் ஏற்கும் வழி இதனால் திறந்திருந்தது.

பேட்டிசன் கொலை

1860களில் குயின்சுலாந்து, பிஜி ஆகிய இடங்களின் தோட்டங்களுக்கு மெலனீசியர்களைக் கொண்டுசெல்லும் தொழிலாளர் வணிகம் தொடங்கியது. பலர் ஏமாற்றப்பட்டும் கடத்தப்பட்டும் கொண்டுசெல்லப்பட்டனர். மறைப்பணிக் கப்பல் போல நடித்தும் ஆட்களைப் பிடித்ததாக அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. கரையோர மக்களின் பார்வையில், இளைஞர்களை ஏற்றிச் செல்லும் இரு வகைக் கப்பல்களையும் வேறுபடுத்தி அறிவது எளிதாக இருக்கவில்லை.

1871 செப்டம்பர் 20 அன்று நுகாப்பு என்னும் சிறு தீவில் தனியே கரையிறங்கிய பேட்டிசன் கொல்லப்பட்டார். படகில் காத்திருந்தோர் மீது அம்புகள் எய்யப்பட்டன. அவர்களுள் நியூசிலாந்தைச் சேர்ந்த ஜோசப் அட்கின், தீவு மாணவரான இசுடீபன் தாரோனியாரோ ஆகிய இருவரும் அம்புக் காயத்தால் ஏற்பட்ட இசிவு நோயால் சில நாட்களில் இறந்தனர். பாயில் சுற்றப்பட்ட பேட்டிசனின் உடல் மீது ஐந்து முடிச்சுகள் இட்ட ஓலை ஒன்று காணப்பட்டது. தொழிலாளர் வணிகர்களால் கடத்தப்பட்ட ஐவருக்குப் பழிவாங்கலே இக்கொலை என நெடுங்காலம் விளக்கப்பட்டது. இந்நிகழ்வு பிரித்தானியாவில் பெரும் அதிர்வை உண்டாக்கியது. ஆட்கடத்தலைத் தடுக்கும் பசிபிக் தீவினர் பாதுகாப்புச் சட்டம் 1872 இல் நிறைவேறுவதற்கு இது துணைபுரிந்தது.

தோர்கெய்ர் கோல்சுசு, ஏவன் ஹோவ்தாகன் ஆகிய நார்வே ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விளக்கத்தை மறு ஆய்வு செய்தனர். பழிவாங்கல் கதைக்கான சான்றுகள் வலுவற்றவை என அவர்கள் வாதிட்டனர். தீவின் தலைமை ஒழுங்கைக் கருதாமல் பரிசுகள் வழங்கப்பட்டமையும், சிறுவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல முயன்றமையும் காரணங்களாக இருந்திருக்கலாம் என்பது அவர்களது கருத்தாகும்.

மதிப்பீடு

இம்முறையின் அடிப்படைச் சிக்கல் அதன் நோக்கத்திலேயே அடங்கியிருந்தது. சொந்த மக்களுக்குத் தலைமை தாங்குவதற்காக இளைஞர்கள் அம்மக்களிடம் இருந்தே பிரிக்கப்பட்டனர். பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய இளைஞர், முதியோர் தலைமை தாங்கும் சமூகத்தில் தனக்கெனத் தகுதி இல்லாதவராக இருந்தார். பேங்க்சு தீவுகளில் பன்றிகளையும் பணத்தையும் கொடுத்துப் படிப்படியாக உயர்நிலை அடையும் "சுக்வே" என்னும் வழக்கம் இருந்தது. இது சமயம் சார்ந்ததன்று, சமூகம் சார்ந்தது என்று கருதிய பேட்டிசனும் காட்ரிங்டனும் இதனைத் தடை செய்யவில்லை. பின்வந்த மறைப்பணியாளர் சிலர் இதனை எதிர்த்தனர். இதனால் உள்ளூர்க் குருக்கள் இரு தரப்புக்கும் இடையே நிற்க நேர்ந்தது.

தலைமைப் பொறுப்பைக் கையளிப்பதிலும் காலதாமதம் ஏற்பட்டது. சராவியா 1873 இலேயே குருவாகிவிட்டார். எனினும் டட்லி டூட்டி, லெனார்டு அலுபுராய் ஆகியோர் முதல் மெலனீசிய ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டது 1963 இல் தான். இடையில் 90 ஆண்டுகள் கடந்திருந்தன. வலை மீன் பிடித்த போதிலும், அதனை இழுக்கும் கயிறு நெடுங்காலம் ஐரோப்பியர் கையிலேயே இருந்தது எனலாம்.

பிற்கால நிலை

மறைப்பணியின் தலைமையகம் 1920 அளவில் நார்போக் தீவில் இருந்து சொலமன் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. பேட்டிசனின் நினைவாகக் கட்டப்பட்டு 1880 இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித பர்னபா சிற்றாலயம் நார்போக் தீவில் இன்றும் உள்ளது. 1975 இல் மெலனீசியத் திருச்சபை தன்னாட்சி பெற்ற மாநிலமாயிற்று. நார்மன் பாமர் அதன் பேராயரானார்.

கோபூரியா நிறுவிய சகோதரர் அவை இன்றும் இயங்கி வருகிறது. 1998 முதல் 2003 வரை சொலமன் தீவுகளில் நிகழ்ந்த இனப் பூசலின்போது, இவ்வமைப்பினர் போரிட்ட இரு தரப்புக்கும் இடையே சென்று அமைதிக்காகப் பாடுபட்டனர். 2003 இல் சகோதரர் எழுவர் கிளர்ச்சிக் குழு ஒன்றால் கொல்லப்பட்டனர். இவர்களைத் திருச்சபை மறைசாட்சிகளாக நினைவுகூர்கிறது.