2,300 ரூபாய் மிச்சம்னு நினைச்சேன், 1,247 ரூபாய் நஷ்டம்: வெளிநாட்டு சைட்ல சைக்கிள் பார்ட்ஸ் வாங்கலாமா?

மத்தவங்க பண்ற பணத் தப்பைப் பத்தி நிறைய பேசியாச்சு. இந்த முறை நான் பண்ணின தப்பு. ஊருக்கெல்லாம் வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிற சிஏ, தன் சொந்தப் பார்சலுக்கு வரி எவ்வளவு வரும்னு கணக்கு போடாம விட்ட கதை.

2023ல் நடந்தது. கோவிட் சமயத்தில் ஆரம்பிச்ச சைக்கிள் பழக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆர் ரைடு வரைக்கும் வளர்ந்திருந்த நேரம். சைக்கிள் வந்தா அடுத்து டூல்ஸ் ஆசை வரும். ஒரு பாக்ஸ், உள்ளே 18 டூல். சென்னையில் ஒரு கடையில் விலை ரூ.5,900. அதே மாதிரி ஒரு கிட் வெளிநாட்டு சைட் ஒண்ணில் ரூ.3,000, ஷிப்பிங் ரூ.600. மொத்தம் ரூ.3,600. ரூ.2,300 மிச்சம்! யோசிக்கவே இல்லை, ராத்திரி பதினோரு மணிக்கு ஆர்டர் போட்டேன்.

மூணு வாரம் கழிச்சு கூரியர்ல இருந்து மெசேஜ்: "சுங்க வரி செலுத்தவும்." தொகையைப் பார்த்ததும் தூக்கம் போச்சு.

கணக்கு எப்படி வந்துச்சு?

வெளிநாட்டில் இருந்து நம்ம சொந்த உபயோகத்துக்கு தபாலிலோ கூரியரிலோ வர்ற பொருட்களுக்கு சுங்கக் கட்டண அட்டவணையில் தனியா ஒரு தலைப்பு இருக்கு, 9804. உள்ளே இருக்கிறது ஆலன் கீயா, செயினா, ஷூவாங்கிற பேதம் பெருசா கிடையாது. பெரும்பாலும் எல்லாத்துக்கும் ஒரே விகிதம். 2023ல் அந்த விகிதம் இப்படி இருந்தது:

- அடிப்படை சுங்க வரி 35%
- அந்த வரி மேல் 10% சமூக நல கூடுதல் வரி, அதாவது 3.5%
- பொருள் மதிப்பு + மேலே சொன்ன ரெண்டு வரி, இதோட மொத்தத்தின் மேல் 28% ஐஜிஎஸ்டி

மூணாவது வரியைக் கவனிங்க. ஐஜிஎஸ்டி பொருள் மேல மட்டும் இல்லை, சுங்க வரி மேலயும் சேர்த்து விழுது. வரிக்கு மேல வரி. அதனால் 35 + 3.5 + 28 = 66.5% இல்லை. உண்மையான மொத்தம் 77.28%.

அடுத்த விஷயம், இந்த விகிதம் எதன் மேல் போடுவாங்க? சைட்ல போட்டிருக்கிற பொருள் விலை மேல மட்டும் இல்லை. ஷிப்பிங், இன்சூரன்ஸ் ரெண்டையும் சேர்த்துத்தான் மதிப்பு எடுப்பாங்க. இன்சூரன்ஸ் தொகை தெரியலைன்னா பொருள் விலையில் 1.125%னு 2007ம் வருஷ சுங்க மதிப்பீட்டு விதிகளே சொல்லுது. ஷிப்பிங் தொகை தெரியலைன்னா 20%னு எடுத்துக்குவாங்க. டாலர் ரேட்டும் உங்க கார்டு போட்ட ரேட் கிடையாது, சுங்கத்துறை அறிவிச்சிருக்கிற ரேட்.

என் பார்சலுக்கு வந்த கணக்கு:

- பொருள் ரூ.3,000 + ஷிப்பிங் ரூ.600 + இன்சூரன்ஸ் ரூ.34 = ரூ.3,634
- அதில் 77.28% வரி = ரூ.2,808
- நமக்காக வரியைக் கட்டிட்டு நம்மகிட்ட வசூல் பண்றதுக்கு கூரியர் கட்டணம் ரூ.500, அதுக்கு 18% ஜிஎஸ்டி ரூ.90 = ரூ.590
- கிரெடிட் கார்டு ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5%, அதுக்கும் ஜிஎஸ்டி = ரூ.149

இதோட சைட்ல கட்டின ரூ.3,600ஐ சேர்த்தா மொத்தம் ரூ.7,147. பக்கத்துக் கடையில் பில்லோட கிடைச்சிருக்கும் ரூ.5,900க்கு. ரூ.1,247 கூடக் கொடுத்து மூணு வாரம் காத்திருந்து வாங்கியிருக்கேன்.

இப்போ விகிதம் குறைஞ்சிருக்கே?

குறைஞ்சிருக்கு, உண்மைதான். 2025 பட்ஜெட்டில் இந்தத் தலைப்புக்கான 35% அடிப்படை வரி 20% ஆச்சு. 2025 செப்டம்பர் 22ல் இருந்து இதுக்கு 28%ஆ இருந்த ஐஜிஎஸ்டி 18% ஆச்சு. அப்போ இப்போ வாங்கலாமா?

அதே நாள் இன்னொண்ணும் நடந்தது. சைக்கிளுக்கும் சைக்கிள் உதிரி பாகங்களுக்கும் உள்ளூரில் 12%ஆ இருந்த ஜிஎஸ்டி 5% ஆச்சு. அதாவது ஒரு செயினை நம்ம ஊர்க் கடையில் வாங்கினா பில்லில் 5%. அதே செயினை நீங்களே வெளிநாட்டில் இருந்து கூரியரில் வரவழைச்சா சுங்க வரியும் வரும், அதுக்கு மேல 18%மும் வரும். சலுகை ரெண்டு பக்கமும் வந்திருக்கு. அதனால் பழைய வீடியோவில் யாரோ சொன்ன சதவீதத்தை வெச்சு முடிவு எடுக்காதீங்க. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுற நம்பர் இது. ஆர்டர் போடுற அன்னைக்கு என்ன விகிதம்னு பார்த்து கணக்கு போடுங்க. கணக்கு போடுற முறை மட்டும் மாறாது.

"என் ஃப்ரெண்டுக்கு வரியே போடலையே?"

இதை அடிக்கடி கேட்கிறாங்க. சின்னப் பார்சல் சில சமயம் வரி இல்லாம வீடு வந்து சேர்ந்துடும். அது அதிர்ஷ்டம், சட்டம் இல்லை. அதை நம்பி பட்ஜெட் போடக்கூடாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் நாம பார்க்கிற வெளிநாட்டு சைக்கிள் சேனல்கள். அமெரிக்காவில் ரொம்ப நாளா 800 டாலர் வரைக்கும் பார்சலுக்கு இறக்குமதி வரி இல்லாம இருந்தது. அதனால அவங்க "பத்து டாலருக்கு வாங்கினேன், செம டூல்"னு சொன்னப்போ, அவங்களுக்கு அது உண்மையாவே பத்து டாலர்தான். அந்தச் சலுகையையும் 2025 ஆகஸ்ட் 29ல் எல்லா நாட்டுப் பார்சலுக்கும் நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கின பொருளுக்கு அந்த மாதிரி பெரிய வரம்பு எப்பவுமே இருந்ததில்லை.

இன்னொண்ணு, சீனப் பொருள்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்ற அலிஎக்ஸ்பிரஸ், 2020 நவம்பர் 24ல் மத்திய அரசு தடை பண்ணின 43 ஆப்களில் ஒண்ணு. சுத்தி வளைச்சு ஆர்டர் போட்டு பார்சல் மாட்டிக்கிட்டா, யார்கிட்ட போய் நியாயம் கேட்பீங்க?

"கிஃப்ட்னு போடச் சொல்லட்டுமா?"

வேண்டாம். இதை மட்டும் அண்ணன் மாதிரி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன்.

முதல் விஷயம், இந்தியாவில் அது பலிக்காது. 2019 டிசம்பர் 12லயே கிஃப்ட்ங்கிற பேரில் தபாலிலும் கூரியரிலும் வரியில்லாம வர்ற வழியை மூடிட்டாங்க. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு.

ரெண்டாவது, "விற்கிறவர்தானே 5 டாலர்னு எழுதினார், எனக்கென்ன"ன்னு கேட்க முடியாது. கேஒய்சிக்கு ஆதாரோ பான் கார்டோ கொடுத்தது யாரு? நீங்க. சுங்கச் சட்டத்தின் பார்வையில் இறக்குமதியாளர் நீங்கதான். மதிப்பைத் தப்பாக் காட்டினா பொருளைப் பறிமுதல் பண்ணலாம், அபராதமும் போடலாம். 2,000 ரூபாய் பொருளுக்கு வரியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய், உங்க பான் நம்பர் இருக்கிற ஒரு கேஸ் ஃபைல் தேவையா?

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வர்ற நண்பர் தன் லக்கேஜ்ல கொண்டு வந்தா அதுக்கு பேகேஜ் விதிகள்னு தனியா வரியில்லா வரம்பு இருக்கு. அந்த வரம்புக்குள்ள ஒரு டூல் கொண்டு வர்றதில் பிரச்சினை இல்லை. ஆனா அது அவரோட வரம்பு, அவரோட கையெழுத்து. பத்து பேர் லிஸ்ட் கொடுத்து அவரை ஏர்போர்ட்ல நிக்க வைக்காதீங்க.

பொருள் சரியில்லைன்னா?

என் கிட்ல பாட்டம் பிராக்கெட் கழட்டுற டூல் என் சைக்கிளுக்குப் பொருந்தவே இல்லை. பாட்டம் பிராக்கெட்ல பல வகை இருக்கு, வகைக்கு ஒரு டூல். வாங்கும்போது அதைப் பார்க்கலை. திருப்பி அனுப்பலாம்னு பார்த்தா அனுப்புற செலவே டூல் விலையைத் தாண்டுது.

ஒருவேளை விற்கிறவர் நல்லவர், காசைத் திருப்பித் தர்றார்னு வெச்சுக்குவோம். அவர் தர்றது அவர் வாங்கின விலை. நீங்க கட்டின சுங்க வரி அவர்கிட்ட இல்லை, அரசாங்கத்துகிட்ட இருக்கு. குறைபாடுள்ள பொருளுக்கு வரியைத் திரும்பப் பெற சுங்கச் சட்டத்தில் 26ஏ பிரிவு இருக்கு. ஆனா அதுக்கு 30 நாளுக்குள்ள பொருளை ஏற்றுமதி பண்ணணும், இல்லைன்னா அதிகாரி முன்னிலையில் அழிக்கணும் இல்லை ஒப்படைக்கணும். 3,000 ரூபாய் டூல்கிட்டுக்கு யாரும் அந்தப் பாடு படப் போறதில்லை. கூரியர் கட்டணம் போனது போனதுதான். கார்டு மார்க்கப்பும் பெரும்பாலும் திரும்பாது.

ஆக, வெளிநாட்டுப் பொருள் வாங்கும்போது நீங்க ரிட்டர்ன் வசதியையும் சேர்த்து விட்டுக் கொடுக்கிறீங்க. அதுக்கும் ஒரு விலை இருக்கு.

விலையைப் பார்க்கவே கூடாத பொருட்கள்

ஹேண்டில்பார், அதைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம், ஃபோர்க், சீட் போஸ்ட், பிரேக் சம்பந்தப்பட்ட எல்லாம், ஹெல்மெட். இந்த லிஸ்ட்ல பேர் தெரியாத மலிவு சரக்கு வேண்டாம். கார்பன் ஹேண்டில்பார்னு போட்டோவில் பளபளன்னு இருக்கும். உள்ளே எத்தனை அடுக்கு, எப்படி ஒட்டியிருக்காங்கன்னு வெளியில் இருந்து பார்த்தா தெரியாது. அலுமினியம் பல சமயம் வளைஞ்சு எச்சரிக்கை கொடுக்கும், கார்பன் திடீர்னு உடையலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கையில் பிடி மட்டும் மிஞ்சினா, மிச்சம் பிடிச்ச 2,000 ரூபாயை வெச்சு என்ன பண்றது? ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே, ரெண்டு வாரம் லீவு, அவ்வளவுதான் கணக்கு.

பிரபல பிராண்டு பேர்ல வர்ற போலி செயினும் நிறைய சுத்துது. "ஒரிஜினல், பாதி விலை"ன்னு பார்த்தா சந்தேகப்படுங்க.

பாட்டில் கேஜ், ஹேண்டில்பார் டேப், டயர் லீவர், சுத்தம் பண்ற பிரஷ் மாதிரி உடைஞ்சாலும் நம்மைக் கீழே தள்ளாத பொருட்களுக்கு மலிவு தப்பில்லை. ஆனா அதெல்லாம் இப்போ இந்திய சைட்கள்லயே மலிவா கிடைக்குது.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஐந்து கேள்வி

1. வீட்டு வாசல் விலை என்ன? பொருள் + ஷிப்பிங் + இன்சூரன்ஸ், அதன் மேல் அன்றைய மொத்த வரி, கூரியர் கட்டணம், கார்டு மார்க்கப். எல்லாம் கூட்டி ஒரே நம்பரா எழுதுங்க. வெளிநாட்டு சைட்ல ரூபாயில் விலை காட்டினாலும் மார்க்கப் வரலாம், விற்கிறவர் வெளிநாட்டில் இருந்தா.

2. உள்ளூர் விலை என்ன? ஆன்லைன் மட்டும் இல்லை, கடைக்கும் போய்ப் பாருங்க. சென்னைக்காரங்களுக்கு ரத்தன் பஜார் இருக்கு. ஆலன் கீ மாதிரி பொதுவான டூலுக்கு டபாரியா மாதிரி இந்திய பிராண்டு ஹார்டுவேர் கடையிலயே கிடைக்கும்.

3. வித்தியாசம் 20 சதவீதத்துக்கு மேல இருக்கா? இது என் சொந்த விதி. காத்திருப்பு, ரிட்டர்ன் இல்லாத ரிஸ்க், வாரண்டி இல்லாத ரிஸ்க் எல்லாத்துக்கும் சேர்த்து அந்த 20%. அதுக்குக் கம்மின்னா உள்ளூர்தான்.

4. வருஷத்துக்கு எத்தனை தடவை தொடுவேன்? என் 18 டூல்ல இன்னைக்கு வரை நான் எடுத்தது நாலு. கேசட் கழட்டுற டூலை ஒரே ஒரு தடவை. எங்க ஏரியா மெக்கானிக் அந்த வேலைக்கு 150 ரூபாய் வாங்குவார்.

5. இது இல்லாம முடியுமா? உதாரணத்துக்கு, செயின் தேய்ஞ்சிருக்கான்னு பார்க்க செயின் செக்கர்னு ஒரு டூல் விக்கிறாங்க. ஸ்கூல் பசங்க வெச்சிருக்கிற 12 இன்ச் ஸ்கேல் போதும். ஒரு பின்னோட நடுவை பூஜ்யத்தில் வைங்க. புது செயின்னா 24வது பின் சரியா 12 இன்ச்ல நிக்கும். 1/16 இன்ச் தள்ளி இருந்தா தேய்மானம் 0.5% தாண்டிருச்சு, மாத்திடுங்க. லேட் பண்ணினா கேசட்டையும் சேர்த்துத் தின்னுடும். செயினை விட கேசட் விலை அதிகம்.

அப்போ எப்போதான் வாங்கலாம்?

இந்தியாவில் எங்க தேடியும் கிடைக்காத பாகம், உங்க சைக்கிளுக்கு அதுதான் பொருந்தும்னு மெக்கானிக்கும் சொல்லிட்டார், மாத்தினா சைக்கிள் இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். அப்போ தாராளமா வாங்குங்க. சரியான மதிப்பைக் காட்டச் சொல்லுங்க, வரியைக் கட்டுங்க, பில்லையும் வரி ரசீதையும் எடுத்து வைங்க. போன வருஷம் நானே அப்படி ஒரு பாகம் வரவழைச்சேன். இந்தத் தடவை வரித் தொகை வந்தப்போ அதிர்ச்சி இல்லை, ஏன்னா முதல் நாளே அந்தத் தொகையை எடுத்துத் தனியா வெச்சிருந்தேன்.

சம்பளம் வந்த ராத்திரி பதினோரு மணிக்கு கார்ட்ல ஏதாவது கிடந்தா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஆர்டர் பட்டனை அமுக்காம, முதல் கேள்விக்கான நம்பரை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிட்டுத் தூங்குங்க. காலையில் அந்தப் பேப்பரைப் பார்த்தும் வேணும்னு தோணினா வாங்கிக்கலாம்.

அந்த 18 டூல் பாக்ஸ் இன்னும் என் மேஜைக்குக் கீழேதான் இருக்கு. மூடியில் "ரூ.7,147"னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கேன்.